ஊரில்லாக் கட்டுரைகள்

தீவக மாணவருக்குக் கட்டுரைப் பாடம் மனனப் பாடமாகிவிட்டது. நாடெங்கும் ஒரே பாடநூல், ஒரே வினாத்தாள். எவ்வூருக்கும் பொருந்தும் வாசகங்களையே அவர் ஒப்புவிக்கின்றனர். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றைத் திசைவாரியாகப் பெயரிட்டழைக்கும் கடலோடியின் மகனும் ஏட்டில் ‘இளந்தென்றல் வீசியது’ என்றே எழுதுகின்றான். குறை கற்பிக்கும் முறையில் உளது.

ஊரை எழுதுவித்தால் மாணவர் நோக்குக் குறுகும் என்பாருளர். அவர்கள் நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டைக் காண்பாராக. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வருதல் வேண்டும். அவர் காக்கப்படல் வேண்டும். யானை, குதிரை கொணரும் மரக்கலம் உடையின் காற்பங்கு அரசுக்கும் முக்காற்பங்கு உடையவருக்கும் சேரும். பிற பண்டமாயின் சரிபாதி என அது விதிக்கின்றது. அவ்வூராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. ஒரு துறையைப் பற்றிய எழுத்து கடல்கடந்தோரையும் தழுவி நிற்கின்றது. இதிற் குறுகிய நோக்கு யாண்டுளது?

ஆதலின், தவணைக்கொரு கட்டுரையேனும் மாணவர் ஊர்ப் பெரியோரை வினாவி, துறையையும் கிணற்றையும் நெடுந்தீவின் கல்வேலியையும் அவர்தஞ் சொல்லாலேயே எழுதுதல் வேண்டும். அதற்குப் புள்ளியும் வழங்கல் வேண்டும். புள்ளி பெறாத சொல் வகுப்பறையில் நிலையாது. வகுப்பறை கைவிட்ட சொல் அடுத்த தலைமுறைக்கு எட்டாது.