மிளகு இறங்கியாச்சு, மெயில் இறங்கலையே!

கொல்லிமலை குண்டூர் நாட்டில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக்கொடிதான் அவர்களுக்கு வருமானம். படிப்பை முடித்து வந்த மகள், சொந்தப் பெயரில் டொமைன் வாங்கி வெப்சைட் தொடங்குகிறாள். 'புது மிளகு தயார்' என்று பழைய வாடிக்கையாளர்கள் 600 பேருக்கு, ஒரு மெயிலிங் சேவை வழியாகக் கடிதம் அனுப்புகிறாள். ஒரு வாரமாகியும் ஆர்டர் இல்லை. சென்னை வாடிக்கையாளருக்குப் போன் போட்டால், "மெயிலே வரலையேம்மா" என்கிறார். தேடினால் ஸ்பேமில் கிடக்கிறது.

மிளகு மூட்டை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளிக்குப் பத்திரமாக இறங்கிவிடுகிறது. மெயில் ஏன் போய்ச் சேரவில்லை?

அனுப்புநர் இடத்தில் இருப்பது அவள் முகவரி. அனுப்பியதோ வேறொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர். 1982-ல் வகுக்கப்பட்ட மெயில் முறையில், அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். மோசடிக்காரர்களுக்கு வசதியாகிப்போனது அதுதான். அதனால், 'இவர்களை அனுப்பச் சொன்னது நீங்கள்தானா?' என்று ஜிமெயில் இப்போது விசாரிக்கிறது.

அடுத்தவர் ஜீப்பில் மூட்டை அனுப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 'எங்கள் சரக்கு இந்த வண்டிகளில்தான் வரும்' என்ற பட்டியல், எஸ்பிஎஃப். மூட்டையின் வாயில் வைக்கும் முத்திரை, டிகிம். 'இரண்டில் ஒன்றுகூட எங்கள் பெயரோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வது' என்று மண்டிக்காரருக்குச் சொல்லிவைக்கும் உத்தரவு, டிமார்க்.

பலரும் சறுக்குவது 'எங்கள் பெயரோடு' என்ற இடத்தில்தான். நீங்கள் எதுவும் அமைக்காதவரை, பல மெயிலிங் சேவைகள் தங்கள் சொந்தப் பெயரில்தான் முத்திரை வைக்கும். சோதனையில் பாஸ் ஆகும். ஆனால், டிமார்க் கணக்கில் அது உங்கள் முத்திரை அல்ல. சந்தா கட்டினால் மட்டும் போதாது. அந்தச் சேவையின் செட்டிங்ஸில் டொமைனை உறுதிசெய்யும் பகுதிக்குப் போனால் சில வரிகள் தருவார்கள். டொமைன் வாங்கிய இடத்தில், டிஎன்எஸ் பக்கத்தில் அவற்றைப் பிசகாமல் ஒட்ட வேண்டும்.

"நமக்கு 600 பேர்தானே" என்று விட்டுவிடவும் முடியாது. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம். யாஹூவும் அப்போதே இதே வழிக்கு வந்தது. 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கும் சேர்ந்துகொண்டது.

கவனிக்க வேண்டியவை சில:

* அனுப்புநராக ஜிமெயில் முகவரியைப் போட்டு மெயிலிங் சேவையில் அனுப்பாதீர்கள். அந்த டொமைன் கூகுளுடையது. அதற்கு நீங்கள் அனுமதி கொடுக்க முடியாது.

* ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான். ஏற்கெனவே இருந்தால், புதிய சேவையை அதற்குள்ளேயே சேருங்கள். இரண்டு வரிகள் இருந்தால் இரண்டுமே வீண்.

* டிமார்க்கை முதலில் 'கண்காணிக்க மட்டும்' என்று வையுங்கள். எல்லாம் சரியாகப் போகிறது என்று தெரிந்தபின் இறுக்குங்கள்.

* உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு கடிதம் அனுப்பி, கம்ப்யூட்டரில் 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். மூன்றுக்கும் 'பாஸ்' இருக்க வேண்டும்.

இது ஆர்டருக்காக மட்டும் அல்ல. பூட்டாத டொமைனிலிருந்து, 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது, அட்வான்ஸை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்' என்று வேறு யாரோ அவள் பெயரில் எழுதலாம். ஓர் எழுத்து மாற்றிய போலி டொமைனை டிமார்க் தடுக்காது என்பது உண்மைதான். ஆனால், சொந்தப் பெயரிலேயே வரும் போலியைத் தடுக்கும். பணத்தை இழந்த வாடிக்கையாளர் மோசடிக்காரனைத் தேடிப் போக மாட்டார். மிளகு விற்றவளுக்குத்தான் போன் போடுவார்.