படம் வரையும் பிள்ளையை எங்கே சேர்ப்பது?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் நம் காலனிகளில் ஒரே பேச்சுதான். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எவ்வளவு செலவு. மதிப்பெண் பட்டியலோடு நம்மைத் தேடி வரும் பெற்றோரில் பெரும்பாலோர் கேட்பது இன்ஜினியரிங்கா, நர்சிங்கா, பி.காம். போதுமா என்பதைத்தான். நடுவில் ஒருவர் இருவர் தயங்கித் தயங்கி வேறொன்றைச் சொல்வார்கள். "பையன் நல்லா படம் வரையுறான். அதுக்கே படிக்கணும்னு நிக்கிறான். நீங்கதான் புத்தி சொல்லணும்." புத்தி சொல்வது என்றால், அந்த ஆசையை விட்டுவிடச் சொல்வது என்று அர்த்தம்.

அப்படிச் சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. போய்ச் சேர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடவும் முடிவதில்லை.

பெற்றோரின் பயத்தை அறியாமை என்று யாரும் எண்ண வேண்டாம். மற்ற வீடுகளில் பிள்ளை பாட்டு கற்றால் அது பெருமை. நம் தாத்தாக்களுக்குக் கலை என்பது இழவு வீட்டில் அடித்தே தீரவேண்டிய பறை. கூலி என்று கேட்க முடியாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். இனி அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடிபட்ட ஊர்கள் நம் வடமாவட்டங்களில் எத்தனையோ உண்டு. அந்தப் பறையை இறக்கி வைத்த கைதான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரில் கல்விக்கூடம் தொடங்கியதிலிருந்து, படிப்பு என்றால் அரசு வேலை, அரசு வேலை என்றால் யாரிடமும் கைகட்டி நிற்காத வாழ்க்கை என்று நாம் கற்றுக்கொண்டோம். அது தவறான பாடம் அல்ல. நம்மில் பலர் இன்று நிமிர்ந்து நடப்பது அதனால்தான். (அதே பறைக்காக 2025-ல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். இழிவு தோலில் இல்லை, கட்டாயப்படுத்தியதில் இருந்தது.)

இலக்கியத்தில் நம்மவர்கள் ஒரு வழி கண்டார்கள். விருத்தாசலத்துக்காரரான இமையம் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது அவருக்கு வந்தது. ரவிக்குமார் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். பாமாவும் ஆசிரியராக இருந்தவர், அழகிய பெரியவனும் ஆசிரியர். ஒன்றாம் தேதிச் சம்பளம் வந்ததால்தான் தமிழில் தலித் இலக்கியம் யாருக்கும் தலைவணங்காமல் எழுதப்பட்டது என்று சொன்னால் மிகையில்லை. ஆகவே "முதலில் ஒரு வேலையைப் பிடி, ராத்திரியில் எழுது" என்று எழுத வரும் பிள்ளையிடம் நாம் தைரியமாகச் சொல்லலாம்.

ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் அது அப்படியே பொருந்தாது. பேனாவும் நோட்டும் போதும் என்கிற தொழில் இல்லை அது. உருவத்தைப் பார்த்து வரையவும், களிமண்ணைக் கையாளவும், அச்சு எடுக்கவும், பக்கத்தில் நின்று திருத்த ஓர் ஆசிரியர் வேண்டும். நாள் முழுக்க வேலை செய்ய இடம் வேண்டும். பதினெட்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வரை கையைப் பழக்குகிற காலம். பா. இரஞ்சித் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். அவர் படங்களில் வரும் வீடுகளும் சுவர்களும் தெருக்களும் நம்முடையவையாக இருப்பதற்கு அந்தப் படிப்பும் ஒரு காரணம் என்பது நம் கணிப்பு. ஆனால் ஒரு இரஞ்சித்தைக் காட்டி நூறு பிள்ளைகளை அனுப்புவது நியாயம் ஆகாது.

வேலை நிலவரத்தை மறைக்காமல் சொல்வோம். 2012-ல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பேர் அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியர்களாக எடுக்கப்பட்டார்கள். சம்பளம் மாதம் 5,000 ரூபாய். சாலையில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் அது 12,500 வரை ஏறியது. மே மாதச் சம்பளம் இல்லாமலே ஆண்டுகள் ஓடின. நம் பிள்ளை நாலு வருடம் படித்துவிட்டு அந்த வரிசையில் நிற்க வேண்டுமா என்று ஒரு தாய் கேட்டால் அதற்கு நம்மிடம் பதில் இல்லை. சுவர் விளம்பரம் எழுதியும் கடைப் பலகை எழுதியும் பிழைத்தவர்களின் பிழைப்பை ஃபிளக்ஸ் கொண்டுபோய்விட்டது.

சரி, மற்றது மட்டும் பத்திரமா? அடமானம் வைத்து இன்ஜினியரிங் முடித்த நம் பிள்ளைகள் சிப்காட்டிலும் நெய்வேலியிலும் ஒப்பந்தத் தொழிலாளியாகவும், பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவராகவும் இருப்பதைத் தினமும் பார்க்கிறோம். விருப்பமில்லாமல் சேர்ந்து, அரியர் விழுந்து, பட்டமும் வாங்காமல் திரும்பி வந்தவர்களும் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. பத்திரமான படிப்பு என்று ஒன்றைச் சொல்லும்போது இவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே நாம் கேட்கச் சொல்வது வேறு கேள்வி. பையனோ பெண்ணோ, யாரும் சொல்லாமலே எத்தனை வருடமாக வரைகிறார்கள்? நோட்டுகள் இருக்கின்றனவா? சினிமா நடிகர் முகத்தைப் பார்த்து எழுதியது மட்டும்தானா, வீட்டில் உறங்கும் ஆயாவை, நாற்று நடும் அம்மாவை வரைந்ததும் உண்டா? அந்த நோட்டுகள் இருந்தால் தகுதித் தேர்வு எழுத அனுப்புங்கள். இல்லையென்றால் வேறு பாடத்தில் சேர்த்துவிட்டு வரைவதையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவரே, அவரும் நோயாளி, குழுக் கடன் வேறு நிற்கிறது என்றால் மூத்த பிள்ளையின் முடிவு வேறாகத்தான் இருக்கும். அதைக் கோழைத்தனம் என்று நாம் சொல்ல மாட்டோம்.

சிதம்பரத்துப் பிள்ளைக்குக் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிதான் பக்கம். சென்னையில் ஒன்று இருக்கிறது. மரபுச் சிற்பமும் ஓவியமும் என்றால் மாமல்லபுரம். கடலூருக்கு மிக அருகில் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் உண்டு என்றாலும் அங்கே புதுவைப் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. இசை படிப்பவர்களுக்குக் கவலை குறைவு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வாசலிலேயே இருக்கிறது. கடலூரில் அரசு இசைப்பள்ளியும் இருக்கிறது. பி.எஃப்.ஏ. நான்கு வருடப் பட்டம். மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை அதற்கும் உண்டு. சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இப்போதே இ-சேவை மையத்தில் எடுத்து வையுங்கள்.

உதவித்தொகை கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளும். வண்ணமும் கேன்வாஸும் தூரிகையும் வாங்கித் தராது. பாதியில் நிற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கிறார்கள். ஏப்ரல் 14-க்கு நம் தெருமுனைகளில் எத்தனை ஃபிளக்ஸ் கட்டினோம், எவ்வளவு செலவு என்று ஒவ்வொரு ஊர் மன்றமும் கணக்குப் பார்க்கட்டும். அடுத்த ஆண்டு அதில் ஒன்றைக் குறைத்து, அந்தப் பணத்தைக் கும்பகோணத்தில் படிக்கும் நம் பிள்ளை கையில் கொடுத்து, மன்றத்துச் சுவரில் அண்ணலை வரையச் சொல்லலாம்.