ராத்திரியிலும் மேகம் தெரிவது எப்படி?

புயல் சின்னம் என்றாலே வாட்ஸ்அப்பில் ஒரு மேகப் படம் வந்து விழும். நள்ளிரவு இருட்டில் அது எப்படித் தெரிகிறது?

இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோள் பார்ப்பது வெளிச்சத்தை மட்டுமல்ல, குளிரையும்தான். மேகம் உயர உயர அதன் உச்சி குளிரும். அகச்சிவப்புக் கதிர் மூலம் அதை அளந்துவிடுகிறது 'இமேஜர்' கருவி. படத்தில் மிரட்டும் சிவப்பும் மஞ்சளும் தரையில் பூசப்படும் கலர்தான்! இன்னொரு கருவியான 'சவுண்டர்', 19 சேனல்களில் காற்றின் ஒவ்வொரு அடுக்கிலும் வெப்பமும் ஈரமும் எவ்வளவு என்று கணக்கெடுக்கிறது.

2,274 கிலோ எடையுள்ள இது, 2024 பிப்ரவரி 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி ராக்கெட்டில் கிளம்பியது. முன்பு பலமுறை மக்கர் செய்ததால் 'குறும்புக்காரப் பையன்' என்று பட்டப்பெயர் வாங்கிய ராக்கெட், அன்று சமர்த்தாக வேலையை முடித்தது.

அதிகம் பேசப்படாத கருவி ஒன்றும் இதில் உண்டு. கடலில் படகு ஆபத்தில் சிக்கினால், அதிலுள்ள அவசர பீக்கன் அனுப்பும் சிக்னலை சுமார் 36,000 கி.மீ உயரத்தில் வாங்கி, மீட்புப் பணிக்காகத் தரைக்கு அனுப்பும் டிரான்ஸ்பாண்டர். பீக்கன் இல்லாத படகின் கூக்குரல் மட்டும் அதற்குக் கேட்காது.