களவுபோன வானொலிக் கருவியும் நமது பொறுப்பும்

கற்பிட்டி முதல் சிலாபம் வரை நமது கடற்றொழிலாளருக்கு, கைத்தொலைபேசி எட்டாத கடலில் வானொலிக் கருவியே துணை. 2013 ஜூனில் தென்மேற்குக் கடலில் திடீரென வீசிய புயற்காற்றில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கலாகாது. அக்கருவியைக் களவெடுப்பவன் ஒரு குடும்பத்தின் பொருளை மட்டுமல்ல, பாதுகாப்பையும் எடுத்துச் செல்கிறான்.

மலிவு விலைக்கு வாங்குகிறவருக்கும் ஆபத்துண்டு. புதிய கருவிகள் பலவற்றில் படகுக்குரிய 9 இலக்க அடையாள எண் பதியப்பட்டிருக்கும். அபாயப் பொத்தானை அழுத்தினால் அந்த எண்ணே அனுப்பப்படும். மீட்க வருவோர் பழைய சொந்தக்காரரின் படகைத் தேடுவார்கள். அது துறையில் கட்டிக் கிடந்தால், பொய் அழைப்பென்று நினைக்கவும் கூடும்.

ஆகவே களவு தெரிந்த அன்றே பொலிசில் முறைப்பாடு செய்து, கடற்றொழில் திணைக்களத்துக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இதற்குக் கருவியின் தொடர் இலக்கம் தேவை. ஒவ்வொரு மீனவர் கூட்டுறவுச் சங்கமும் அங்கத்தவர்களின் படகு இலக்கத்தையும் கருவி இலக்கத்தையும் ஒரே பதிவேட்டில் எழுதி வைத்தால் என்ன?

பொலிசார் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. வாங்க ஆளிருக்கும்வரை களவும் இருக்கும். திருட்டுப் பொருளென்று அறிந்து வாங்குவது சட்டப்படி குற்றம். ஏழாம் கட்டளைக்கும் விரோதம். ஆனால் புதுக்கருவி வாங்க வசதியற்ற ஏழைத் தொழிலாளிக்கு உபதேசம் மட்டும் போதாது. சங்கம் தவணைக் கடனில் கருவி பெற்றுக் கொடுக்க வேண்டும். சோளகத்தில் படகுகள் கரையேறும்போது, கருவிகளைக் கழற்றிப் பூட்டி வைக்க வாடிகளுக்குப் பொதுவான ஓர் அறையும் வேண்டும். வரும் சங்கக் கூட்டத்திலேயே இதைப் பேசத் தொடங்குவோம்.