‘வியாபாரி’ என்ற வசை

சென்ற இதழில் மைக்கேல் ரீவ்ஸ் பற்றி நண்பர் எழுதிய கட்டுரையில் ஒரு வாக்கியம் வருகிறது. ரீவ்ஸுக்குப் பிறகு பிரிட்டிஷ் திகில் படம் பீட் வாக்கர் போன்ற வியாபாரிகளின் கைக்குப் போய்ச் சீரழிந்தது என்கிறார். கட்டுரையின் மற்ற பகுதிகளோடு எனக்குப் பெரிய சண்டை ஏதுமில்லை. ‘விட்ச்ஃபைண்டர் ஜெனரல்’ (1968) நல்ல படம். 1969இல், இருபத்தைந்து வயதில், ரீவ்ஸ் இறந்துபோனது இழப்பு. ராபின் வுட் போன்ற ஒரு விமர்சகர் அவருக்கு அஞ்சலிக் கட்டுரை எழுதினார்; அதற்கு அவர் தகுதியானவரே. என் சண்டை அந்த ஒரு வாக்கியத்தோடு மட்டும்தான். வாக்கரின் ஒரு படத்தின் பெயர்கூட அந்தக் கட்டுரையில் இல்லை. பார்க்காமலேயே ஒருவனைத் தள்ளிவிட ‘வியாபாரி’ என்ற சொல் நம் சிறுபத்திரிகை உலகில் எத்தனை சௌகரியமாக இருக்கிறது!

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ரீவ்ஸின் படத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? டைகன் கம்பெனியின் டோனி டென்சரிடமிருந்தும் அமெரிக்காவின் ஏ.ஐ.பி. கம்பெனியிடமிருந்தும். டென்சர் யார்? லண்டன் சோஹோவில் நிர்வாணப் படங்கள் ஓட்டிப் பணம் பண்ணியவர். அவரும் மைக்கேல் கிளிங்கரும் நடத்திய காம்ப்டன் நிறுவனம்தான் போலன்ஸ்கிக்குப் பணம் போட்டு ‘ரிபல்ஷன்’ (1965), ‘குல் த சாக்’ (1966) இரண்டையும் எடுக்க வைத்தது. அவ்விரண்டையும் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அப்போது வியாபாரி கண்ணில் படவில்லை. காரணம், அங்கே வியாபாரி வேறு, கலைஞன் வேறு. பாவத்தை ஒருவன் தலையிலும் புண்ணியத்தை இன்னொருவன் தலையிலும் வைத்துவிட முடிந்தது. வாக்கர் விஷயத்தில் இந்த வசதி இல்லை. பணம் போட்டவரும் அவரே, எடுத்தவரும் அவரே.

நான் பாங்கில் குமாஸ்தா. கணக்குப் பார்ப்பது பிழைப்பு. வாக்கரின் கணக்கு எனக்குச் சுவாரஸ்யமாக இருக்கிறது. 1939இல் பிரைட்டனில் பிறந்தவர். தந்தை ஸிட் வாக்கர், ரேடியோவில் பெயர் பெற்ற ஹாஸ்ய நடிகர்; 1945இல் இறந்துவிட்டார். மகன் கொஞ்ச காலம் மேடையில் ஹாஸ்யம் பண்ணிப் பார்த்துவிட்டு, 8 எம்.எம். பிலிமில் பெண்கள் உடை களையும் சிறு துண்டுப் படங்களை ஏராளமாக எடுத்து விற்றார். அந்தப் பணத்தில் ‘தி பிக் ஸ்விட்ச்’ (1968), ‘மேன் ஆஃப் வயலன்ஸ்’ (1970) என்று மலிவான குற்றப் படங்கள், இடையிடையே பாலியல் ஹாஸ்யப் படங்கள். ஒன்றில் வந்ததை அடுத்ததில் போட்டார். அந்நாளில் பிரிட்டனில் ஈடி லெவி என்று ஒரு ஏற்பாடு இருந்தது. சினிமா டிக்கெட்டிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கி, அதில் பாதியை உள்நாட்டுப் படங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். கூட்டம் கூடக் கூடப் பங்கும் கூடும். 1985இல்தான் அது ஒழிக்கப்பட்டது. வாக்கர் எடுத்த காலமெல்லாம் அது இருந்தது. எந்தக் கமிட்டியின் முன்பும் ஸ்கிரிப்ட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. ‘சுதந்திர சினிமா’ என்று நாம் கோஷமிடுகிறோமே, அதன் பண அஸ்திவாரம் இதைத் தவிர வேறென்ன? நல்ல மனிதர்களுக்கு மட்டும்தான் அந்தப் பெயரா?

அது கிடக்கட்டும். பணம் சுத்தமாக இருந்தால் படம் நன்றாகிவிடும் என்பதும் இல்லை. படங்களுக்கு வருவோம்.

ஹாம்மர் கம்பெனியின் திகில், தூரத்துத் திகில். பத்தொன்பதாம் நூற்றாண்டு, மத்திய ஐரோப்பா, கோட்டை, பிரபு. டெரன்ஸ் ஃபிஷரின் படங்களில் சிலுவையைக் காட்டினால் தீமை பின்வாங்கும். 1974இல் வாக்கர் அதை இங்கிலாந்தின் நிகழ்காலத்துக்குள் கொண்டுவந்து இறக்கினார். அந்த நிகழ்காலம் எது? மரண தண்டனை 1965இல் நிறுத்திவைக்கப்பட்டு 1969இல் நிரந்தரமாகப் போயிற்று. சிறைகளில் சவுக்கடி 1967இல் போயிற்று. இதையெல்லாம் கண்டு பொருமிய ஒரு தலைமுறை இருந்தது. 1971இல் ‘ஃபெஸ்டிவல் ஆஃப் லைட்’ என்ற பெயரில் லண்டன் தெருக்களில் ஒழுக்கத்துக்காக ஊர்வலம் போயிற்று. மேரி வைட்ஹவுஸ் டெலிவிஷனைத் திருத்திக்கொண்டிருந்தார். இந்தத் தலைமுறைக்குத்தான் ‘ஹவுஸ் ஆஃப் விப்கார்ட்’ சமர்ப்பணம். நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. இக்கால ஒழுக்கச் சரிவால் மனம் நொந்து, கசையும் தூக்கும் திரும்ப வருமென்று காத்திருப்பவர்களுக்கு இந்தப் படம் சமர்ப்பணம் என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் போடுகிறார்கள்.

கதை சின்னது. ஆன்-மரி என்ற இளம் மாடல், பொது இடத்தில் உடையில்லாமல் படமெடுக்க நின்றதற்காக அபராதம் கட்டியவள். ஓர் இளைஞன் அவளைத் தன் தாயாரிடம் அறிமுகப்படுத்துவதாகச் சொல்லிக் கிராமப்புறத்துக்குக் கூட்டிப் போகிறான். பெயர் மார்க் இ. டெஸாட். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், மார்க்கி த சாத் வந்து நிற்பார். கொஞ்சம் பள்ளிக்கூடத்துப் பையன் குறும்புதான். போய்ச் சேர்கிற இடம் ஒரு தனியார் சிறை. முன்பு பெண்கள் சிறையை நிர்வகித்து வெளியேற்றப்பட்ட மிஸஸ் வேக்ஹர்ஸ்ட்டும், ஓய்வுபெற்ற ஒரு நீதிபதியும், இரண்டு வார்டர்களும் சேர்ந்து நடத்துவது. நாட்டின் சட்டம் லேசாக விட்டுவிட்ட பெண்களை இவர்கள் மறுவிசாரணை செய்கிறார்கள். முதல் குற்றத்துக்குத் தனிக் கொட்டடி, இரண்டாவதற்குச் சவுக்கடி, மூன்றாவதற்குத் தூக்கு. நீதிபதிக்குக் கண் தெரியாது. தன் பெயரில் நடப்பதைப் பார்க்க முடியாத அந்த மனிதராக பாட்ரிக் பார் எத்தனை கண்ணியமாக உட்கார்ந்திருக்கிறார்! அந்தக் கண்ணியம்தான் பயங்கரம்.

ஒரு காட்சியை மட்டும் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண் தப்பித்துவிடுகிறாள். மழை இரவில், காயங்களோடு ரோட்டில் கிடப்பவளை ஒரு லாரி டிரைவர் ஏற்றிக்கொள்கிறான். நல்லவன், பதறிப்போகிறான். வழியில் பெரிய கட்டடம் ஒன்று தெரிகிறது. ஆஸ்பத்திரி மாதிரி ஏதோ என்று நினைத்து, பொறுப்பாக அவளை அங்கேயே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். அதுதான் அந்தச் சிறை.

இந்த இடத்தில் நான் டிஸ்க்கை நிறுத்திவிட்டேன். எங்கள் கிளையில் நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க வருவார்கள். ஒரு கிழவி. ரேகை தேய்ந்துபோன விரல், மெஷினில் பதியவில்லை. இரண்டு தடவை அவளைத் திருப்பி அனுப்பியவன் நான். மரியாதையாகத்தான் பேசினேன், தண்ணீர்கூடக் கொடுத்தேன். அவள் உயிரோடு என் முன்னால் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் திரையில் பச்சை விழவில்லை. மூன்றாம் தடவை அவள் வரவில்லை. நண்பர் புகழ்கிற எத்தனையோ உயர்ந்த படங்கள் என்னை அந்த லாரியில் ஏற்றியதில்லை. சோஹோ வியாபாரியின் படம் ஏற்றியது.

‘ஃப்ரைட்மேர்’ அதே 1974. இது இன்னும் நல்ல படம், இன்னும் சங்கடமான படம். 1957இல் ஒரு தம்பதியை மனநோய் விடுதிக்கு அனுப்புகிறது கோர்ட். மனைவி டாரத்தி மனிதர்களைக் கொன்று தின்றவள். பதினைந்து வருஷம் கழித்து, குணமாகிவிட்டாள் என்ற சான்றோடு வெளியே வருகிறாள். பண்ணைவீட்டில் சீட்டு வைத்து ஜோசியம் சொல்கிறாள், வருகிறவர்கள் திரும்புவதில்லை. மூத்தாள் மகள் ஜாக்கி இரவில் காரை ஓட்டிக்கொண்டு போய், மிருகங்களின் மூளையைப் பொட்டலம் கட்டி, பசி தீரட்டும் என்று கொடுத்துவிட்டு வருகிறாள். இது திகில் படத்தின் சமாச்சாரமா, குடும்பத்தின் சமாச்சாரமா? வீட்டில் ஒருவருடைய வெறிக்குத் தீனி போட்டு, அதை வெளியில் தெரியாமல் மூடி, அதையே பாசமென்று சொல்லிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நமக்குத் தெரியாதவையா?

டாரத்தியாக நடிப்பவர் ஷீலா கீத் (1920–2004). வாக்கரின் ஐந்து படங்களில் இவர் இருக்கிறார். அந்த முகம் ஒரு கணம் பரிதாபமாகக் கெஞ்சும். அடுத்த கணம் துளியும் மாறாமலே வேறாகிவிடும். கணவன் எட்மண்ட், ரூபர்ட் டேவிஸ். பி.பி.சி.யில் இன்ஸ்பெக்டர் மெக்ரேயாக வந்து எல்லாக் குற்றத்தையும் கண்டுபிடித்த அதே மனிதரை இங்கே எல்லாம் தெரிந்தும் ஒன்றும் செய்யாத கணவனாக வைத்தது சாதாரண வியாபார மூளை அல்ல. எட்மண்டுக்குப் பைத்தியமே கிடையாது. அவளோடு இருப்பதற்காகப் பைத்தியம் போல நடித்து உள்ளே போனவன். படத்தின் முடிவில், முழுக்கக் குணமானாலொழிய இவர்களை வெளியே விடமாட்டோம் என்று நீதிபதி அன்று கொடுத்த உத்தரவாதம் மறுபடி கேட்கிறது. நாம் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதோ வேறு.

இங்கே நண்பர் என்னை மடக்கலாம். ‘விப்கார்ட்’ தண்டிப்பவர்களைத் திட்டுகிறது. ‘ஃப்ரைட்மேர்’ மன்னித்து வெளியே விட்டவர்களைத் திட்டுகிறது. ஒரே வருஷத்தில் இரண்டு கட்சியும் பேசுபவன் வியாபாரி இல்லாமல் யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு படமும் கட்சி பேசவில்லை என்பதுதான் என் வாதம். இரண்டிலும் மையமாக இருப்பது ஒரு தாள். ஒன்றில் தண்டனைத் தாள், மற்றதில் குணமான தாள். கையெழுத்து இருக்கிறது என்பதால் எதிரில் நிற்கும் ஆளைப் பார்க்காமல் விட்டுவிடுகிற புத்தியை இரண்டும் பிடித்துக்கொள்கின்றன. இரண்டின் ஸ்கிரிப்ட்டும் டேவிட் மக்கிலிவ்ரே எழுதியது. ‘மன்த்லி ஃபிலிம் புல்லட்டின்’ பத்திரிகையில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர், நம் ஜாதிதான். அவர் எழுதிய ‘ஹவுஸ் ஆஃப் மார்ட்டல் சின்’ (1976) இந்த வரிசையில் மூன்றாவது. பாவசங்கீர்த்தனத்தை டேப்பில் பதிவு செய்து வைத்துக்கொண்டு மிரட்டும் பாதிரியார் மெல்ட்ரம் கொலைக்கு எடுக்கும் ஆயுதங்கள் தூபக்கலசம், ஜெபமாலை, விஷம் தடவிய நற்கருணை அப்பம். கடைசியில் அவர் பிடிபடுவதில்லை. சிலுவை தீமையை விரட்டிய ஃபிஷரின் உலகம் இங்கே தலைகீழ். கோர்ட், ஆஸ்பத்திரி, சர்ச் என்று ஒரு தேசம் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் மூன்று ஸ்தாபனங்கள் மூன்று வருஷத்துக்குள் தீர்ந்தன.

பெண்ணுடலைக் காட்டித்தானே இதையெல்லாம் விற்றார்? ஆம். மழுப்ப விரும்பவில்லை. சவுக்கடியைக் கண்டிப்பதாகச் சொல்லிக்கொண்டே சவுக்கடியைப் பார்க்க டிக்கெட் விற்கிற படம் அது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். உடையில்லாமல் படமெடுக்க நின்றதுதான் ஆன்-மரியின் குற்றம். அப்படிப் படமெடுத்து முன்னுக்கு வந்தவர் டைரக்டர். ஷீலா கீத் நடிக்கும் கொடூரமான வார்டரின் பெயர் என்ன தெரியுமா? வாக்கர். தற்செயலென்றால் தற்செயலாகவே இருக்கட்டும். சவுக்கைப் பிடித்த கைக்குத் தன் பெயரைக் கொடுத்த எத்தனை ‘தீவிர’ டைரக்டர்களை நண்பரால் காட்ட முடியும்?

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. 1998இல் ஸ்டீவ் சிப்னல் வாக்கரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார், உழைப்புள்ள புத்தகம். அதன் பின் வந்த பக்தர்களுக்கு வாக்கர் தொட்டதெல்லாம் பொன். அப்படி இல்லை. ‘ஸ்கிட்சோ’ (1976) மனநோய்க்கு அரைகுறைப் பாட விளக்கம் ஒன்றைக் கொடுத்துவிட்டு அதற்கேற்பக் கத்தியை வீசுகிறது. ‘தி கம்பேக்’ (1978) மகளை இழந்த கிழத்தம்பதி பழிவாங்கும் படம்; நல்ல விதை, மந்தமான படம். மாறாக, பக்தர்கள் அதிகம் பேசாத ‘கூல் இட் கேரல்’ (1970) எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிராமத்துப் பையனும் பெண்ணும் லண்டன் வந்து, உடலை விற்றுப் பணம் பார்த்து, அலுத்துப்போய் ஊர் திரும்புகிறார்கள். யாரும் அவர்களைத் தண்டிப்பதில்லை. நான்கு வருஷத்துக்குப் பின் ‘விப்கார்ட்’ கிழவர்கள் தேடிப் பிடித்துத் தூக்கில் போட நினைத்தது இந்தப் பெண்ணைத்தான்.

கடைசிப் படம் ‘ஹவுஸ் ஆஃப் தி லாங் ஷேடோஸ்’ (1983). பணம் தன்னுடையதல்ல, கேனன் கம்பெனியுடையது. வின்சென்ட் பிரைஸ், பீட்டர் குஷிங், கிறிஸ்டோபர் லீ, ஜான் காரடைன் என்று திகிலின் நான்கு பெரியவர்களும் ஒரே வீட்டில். மரியாதையான, பல்லில்லாத படம். பிறர் பணத்தில் எடுத்தபோதுதான் வாக்கர் நண்பர் சொல்கிற அர்த்தத்தில் வியாபாரியானார். அதோடு நிறுத்திக்கொண்டு பழைய சினிமாக் கொட்டகைகளை வாங்கிப் புதுப்பிக்கப் போய்விட்டார். ரீவ்ஸைப் போல இளமையில் சாகாமல், கொட்டகை முதலாளியாகி நன்றாக வாழ்ந்தவனுக்கு யார் அஞ்சலி எழுதுவார்கள்?

நண்பர் ‘ஃப்ரைட்மேர்’ ஒன்றையாவது பார்க்க வேண்டும். டிஸ்க் என்னிடம் இருக்கிறது, தபாலில் அனுப்புகிறேன். பார்த்த பிறகும் அந்த வாக்கியம் நிற்குமானால் அடுத்த இதழில் காரணங்களோடு எழுதட்டும்.