எழுதும் இடத்தைப் பிடித்திருப்பவர் யார்?

சிட்னியிலும் சரி, மெல்பனிலும் சரி, எழுதுகிறவர்கள் கூடும் இடத்தில் கணினித் தமிழ் பற்றிய பேச்சு எழுந்தால் அது மூன்று கேள்விகளையே சுற்றிவரும். எந்த எழுத்துரு நல்லது? எந்த விசைப்பலகை சுகம்? செயற்கை நுண்ணறிவு எங்களை என்ன செய்யப்போகிறது? எழுதும்போது கண்ணுக்கு முன்னால் எத்தனை வரி தெரிகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். இலக்கியம் கதைக்க வந்த இடத்தில் கருவிப்பட்டையைப் பற்றிக் கதைக்கிறானே என்பார்கள். இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கு எதிரானது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொற்செயலியின் தலைமாட்டில் பரந்து கிடக்கும் கருவிப்பட்டை எழுதுகிறவருக்காக அங்கே நிற்கவில்லை. அதை அப்படியே விட்டுவைப்பதால், ஆங்கிலத்தில் எழுதுகிறவரைவிடத் தமிழில் எழுதுகிறவருக்கே நட்டம் கூட. அதை மடித்து வைக்கச் சொல்லிக்கொடுக்காத தமிழ்க் கணினி வகுப்பு பாதி வகுப்புத்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எம்மவர் வீடுகளில் அதிகம் காணப்படுவது 15.6 அங்குல மடிக்கணினி. அந்த அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. திரையின் உயரம் 19 சென்ரிமீற்றர் சொச்சம்தான். ஏ4 தாளின் உயரமோ 29.7 சென்ரிமீற்றர். ஆக, ஒரு முழுப் பக்கத்தை அதன் உண்மையான அளவில் இந்தத் திரை ஒருபோதும் காட்டாது. இருக்கிற 19 இலும் பங்கு கேட்க ஆட்கள் உண்டு. என் பழைய கணினியில் அடிமட்டத்தை வைத்து அளந்தேன். தலைப்பும் கருவிப்பட்டையும் சேர்ந்து ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர். அதற்குக் கீழே அளவுகோல். அடியில் பக்க எண்ணும் சொல் எண்ணிக்கையும் காட்டும் பட்டை. அதற்கும் அடியில் இயங்குதளத்தின் பட்டை. எல்லாம் கூட்டினால் 6. எழுதுவதற்கு மிஞ்சியது 13. அறுபதைத் தாண்டிய கண்ணுக்கு இதமாக எழுத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கிவிட்டு எண்ணினேன். 14 வரி. ஒரு சிறுகதை எழுத்தாளருக்கு இந்த உலகம் விட்டுவைத்திருப்பது 14 வரி.

இந்த நெருக்கடி தற்செயலாக வந்ததல்ல. பழைய சதுரப்பாங்கான திரை 1024க்கு 768 புள்ளிகள் கொண்டது. பிறகு வந்த அகலத் திரை மடிக்கணினிகளில் பல 1366க்கு 768. அகலம் கூடியது, உயரம் அப்படியே நின்றுவிட்டது. படம் பார்க்கிறவருக்கு அது வசதி. எழுத்தோ மேலிருந்து கீழே இறங்குவது. திரை அகலமாகிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான், 2007 பதிப்போடு, மைக்ரோசொஃப்ட் வேர்டில் ‘ரிப்பன்’ என்ற தடித்த பட்டை வந்தது. பக்கவாட்டில் இடம் காலியாகக் கிடக்க, தட்டுப்பாடான உயரத்தை அது எடுத்துக்கொண்டது.

அதற்கு அவர்கள் பக்கத்தில் நியாயம் இருந்தது, மறைக்கத் தேவையில்லை. அந்த மாற்றத்தை வடிவமைத்த குழுவைச் சேர்ந்த ஜென்சன் ஹாரிஸ் அக்காலத்தில் விரிவாகவே எழுதினார். விண்டோஸுக்கான முதல் வேர்டில் ஏறக்குறைய 100 கட்டளைகள் இருந்தன. 2003 பதிப்பில் 1500க்கு மேல். 2 ஆக இருந்த கருவிப்பட்டைகள் 31 ஆகியிருந்தன. பாவனையாளர்கள் புதிதாகக் கேட்ட வசதிகளில் பல ஏற்கெனவே உள்ளேதான் இருந்தன, கண்டுபிடிக்கத்தான் ஆளில்லை. ஆகவே எல்லாவற்றையும் கண்ணில் படும்படி பரப்பி வைத்தார்கள்.

அதே குழு சேகரித்த இன்னொரு கணக்கும் உண்டு. வேர்ட் 2003 பாவிக்கிறவர்கள் கொடுக்கும் கட்டளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் ஐந்து கட்டளைகள்தான்: ஒட்டுதல், சேமித்தல், பிரதியெடுத்தல், செய்ததை மீட்டல், எழுத்தைத் தடிப்பாக்கல். இந்த ஐந்தையும் விசைப்பலகையிலிருந்து கையெடுக்காமலே செய்யலாம். கன்ட்ரோல் விசையோடு முறையே வி, எஸ், சி, இசட், பி. அப்படியென்றால் அந்த 4 சென்ரிமீற்றர் யாருக்கு? புடவைக்கடைக் கண்ணாடிப் பெட்டி வாசலில் இருப்பது நியாயம், உள்ளே என்ன இருக்கிறது என்று வருகிறவருக்குத் தெரியவேண்டும். ஆனால் தையற்காரர் அதைத் தூக்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டு தைப்பதில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். எங்கள் மொழியில் எழுவாய் பெரும்பாலும் தொடக்கத்தில் நிற்கும், வினைமுற்று கடைசியில் வரும். இடையில் வந்து, பார்த்து, நினைத்து, திரும்பி என்று எச்சங்கள் சங்கிலியாகத் தொடரும். அதுதான் தமிழ் உரைநடையின் ஓட்டம், அழகும்கூட. ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வினை வந்துவிடுகிறது. ஏழெட்டு வரி நீளும் ஒரு தமிழ் வாக்கியத்தை 14 வரி ஜன்னலுக்குள் எழுதுகிறவர் வினைமுற்றுக்கு வந்து சேரும்போது, எழுவாய் கருவிப்பட்டைக்குப் பின்னால் போய் மறைந்திருக்கும். ‘அவர்கள்’ என்று தொடங்கியது ‘சொன்னார்’ என்று முடியும். ‘நினைவுகள்’ ஒருமையில் முடியும். ஒரு பத்தியில் வந்த ‘ஆயினும்’ அடுத்த பத்தியிலும் அதற்கடுத்ததிலும் வரும். முந்தியது கண்ணில் இல்லையே.

சிற்றிதழ்களுக்காக மற்றவர்களின் பிரதிகளைச் செப்பனிட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன். கையால் தாளில் எழுதி அனுப்பிய காலத்தில் இந்த வகைப் பிழைகள் குறைவாகவே இருந்தன. ஒரே எழுத்தாளர், ஒரே தமிழ், ஆனால் திரைக்கு வந்தபின் வாக்கியம் இடையில் முறிகிறது. எல்லாவற்றுக்கும் கருவிப்பட்டைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அவசரமும் உண்டு, வயதும் உண்டு, வாசிப்புக் குறைந்ததும் உண்டு. ஆனால் தாளில் முழுப் பக்கமும் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. திரையில் அது இல்லை. இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் “இப்ப ஆருக்கும் தமிழ் ஒழுங்கா எழுதத் தெரியாது” என்று மேடையில் நின்று வருத்தப்படுவது சுலபம்.

இடத்தட்டுப்பாட்டை எதிர்கொள்வது எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த முத்தையா தமிழுக்கு ஒரு தட்டச்சுப் பொறியை உருவாக்க முனைந்தபோது அவர் முன்னால் இருந்ததும் இடப் பிரச்சினைதான். ஆங்கிலத்துக்கென்று செய்த பொறியில் இருப்பதோ சில பத்து விசைகள், தமிழுக்கோ 247 எழுத்துகள். பொறி இப்படித்தான், தமிழ்தான் அடங்கிப்போகவேண்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. அழுத்தினால் உருளை நகராத விசைகளை அமைத்து, புள்ளியும் விசிறியும் எழுத்தின் மேலேயே விழும்படி செய்தார். பொறியை எங்கள் எழுத்துக்கு வளைத்தவர் அவர்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். பாமினி எழுத்துருவில் எழுதியவர்களுக்கு இது நினைவிருக்கும். அந்த எழுத்துருவில் சிறிய ‘எம்’ என்றால் அ, பெரிய ‘எம்’ என்றால் ஆ. வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பெரிதாக்கும் ஆங்கில வழக்கத்தைச் சொற்செயலி எங்கள் மேலும் திணித்தது. ‘அம்மா’ என்று எழுதத் தொடங்கினால் ‘ஆம்மா’ என்று திருத்திவைத்தது. அப்போது என்ன செய்தோம்? ஒருவரிடம் ஒருவர் கேட்டு, தானாகத் திருத்தும் அந்த வசதியைத் தேடிப்பிடித்து நிறுத்தினோம். பாட்டியின் கைமருந்துபோல அந்த வழி வாய்மொழியாகப் பரவியது. கணினி நினைத்தபடி நடக்கட்டும் என்று ‘ஆம்மா’வை அச்சுக்கு அனுப்பவில்லை. யூனிகோட் வந்தபின் அந்தத் துணிச்சல் எங்கே போனது?

போன இடம் எனக்குத் தெரியும். பிள்ளைகள் கணினியைப் பூட்டித் தந்துவிட்டுப் போகும்போது சொல்லிச் சென்ற வசனத்துக்குள் போனது. “அப்பா, ஒண்டையும் அமத்தாதேங்கோ, எல்லாம் குழம்பிப் போடும்.” அன்பால் சொன்னதுதான். ஆனால் ஒரு சந்ததி முழுவதையும் அது தன் மேசைக்கு முன்னால் விருந்தாளியாக இருத்திவிட்டது. விருந்தாளி அடுத்தவர் வீட்டுத் தளபாடத்தை நகர்த்துவதில்லை. தட்டச்சுப் பொறியில் வேகமாக அடித்த ஆசிரியர்களும், அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோத்தவர்களும்கூட இன்று திரையைத் தொடப் பயந்து, கைபேசியில் துண்டு துண்டாகத் தட்டி வாட்ஸ்அப்பில் கட்டுரை அனுப்புகிறார்கள். கைபேசியிலோ விசைப்பலகையே திரையில் பாதியை மூடிவிடுகிறது. அங்கே ஏழெட்டு வரிதான் மிச்சம்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. பெரிய திரை வாங்கினால் போச்சு என்பார்கள். ஓய்வூதியத்தில் வாழ்கிற, பேரப்பிள்ளை கழித்துவிட்ட கணினியில் எழுதுகிற ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். உருட்டிப் பார்க்கலாமே என்பார்கள். உருட்டிப் பார்ப்பது தேடுவது, ஒருங்கே பார்ப்பது வாசிப்பது. இரண்டும் ஒன்றல்ல. நிபுணர்கள் யோசித்துத்தானே இப்படி வைத்தார்கள் என்பார்கள். அந்த நிபுணர்களே ரிப்பனை மடிக்கும் வழியையும் 2007 இலேயே வைத்தார்கள். அதை நாங்கள் பாவிக்கவில்லை என்றால் குறை அவர்களிடம் இல்லை.

1970களின் கடைசியில் வந்த வேர்ட்ஸ்டாரில் ஒரு நல்ல பண்பு இருந்தது. திரையின் மேற்பாதியில் கட்டளைப் பட்டியல் நிற்கும். பழகப் பழக, உதவியின் அளவைப் பாவனையாளர் ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டு போகலாம். கடைசிப் படியில் பட்டியல் மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். துணைக்கு வருகிறவர் தொழில் பழகியதும் விலகி நிற்கவேண்டும் என்பது அதன் கொள்கை. இன்றைய செயலிகள் தாமாக விலகுவதில்லை. நாங்கள்தான் விலக்கவேண்டும்.

செய்வது கடினமல்ல. விண்டோஸில் இயங்கும் வேர்டில் கன்ட்ரோல் விசையை அமத்தியபடி எஃப்1ஐத் தட்டுங்கள், ரிப்பன் மடிந்துவிடும். மறுபடி தட்டினால் திரும்பி வரும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அமத்தவேண்டும். ‘வியூ’ பகுதியில் ‘ரூலர்’ என்பதற்கு எதிரேயுள்ள அடையாளத்தை எடுத்துவிடுங்கள், அளவுகோல் போய்விடும். இரண்டு பக்கங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் இருமுறை சொடுக்கினால் மேல் கீழ் வெற்றிடங்கள் மறையும், அச்சில் ஒன்றும் மாறாது. லிப்ரே ஒஃபிஸில் ‘வியூ’ பட்டியலில் உள்ள கருவிப்பட்டைகளில் வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டோடும் ஜேயைத் தட்டினால் திரை முழுவதும் எழுத்துக்கே. கூகிள் டொக்ஸில் அதே இரண்டு விசைகளோடு எஃப். இயங்குதளத்தின் அடிப்பட்டையையும் தானாக மறையும்படி வைக்கலாம். இவற்றைச் செய்தபின் என் திரையில் 14 வரி 19 ஆனது. காசு செலவில்லை. ஒன்றும் குழம்பியும் போகவில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. எழுத்தாளர் விழாக்களிலும் நூல் அரங்குகளிலும் கணினித் தமிழுக்கு ஒதுக்கும் நேரத்தில் அரை மணியை இதற்குத் தாருங்கள். எழுத்துருவின் வரலாற்றைப் பிறகு கேட்கலாம், முதலில் வந்தவர்களின் மடிக்கணினிகளைத் திறக்கச் சொல்லுங்கள். வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் இதைக் காட்டுங்கள். பிரதியைத் திருப்பி அனுப்பும் ஆசிரியர் குழுக்கள் ‘ஒருமை பன்மை பார்க்கவும்’ என்று எழுதுவதோடு நிறுத்தாமல், எப்படிப் பார்ப்பது என்றும் இரண்டு வரி சேர்த்து எழுதட்டும். பெற்றோருக்குக் கணினி பூட்டித் தருகிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஒன்றையும் அமத்தவேண்டாம் என்று சொல்லாதீர்கள். எதை அமத்தினால் எது போகும், எதை அமத்தினால் திரும்பி வரும் என்று பக்கத்தில் இருந்து காட்டிவிட்டுப் போங்கள்.

எங்கள் எழுத்தை யார் வாசிக்கப்போகிறார்கள் என்று இந்த நாட்டில் அடிக்கடி கவலைப்படுகிறோம். முதல் வாசகர் எழுதுகிறவர்தான். அவர் தன் வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே பார்வையில் வாசிக்க முதலில் வழி செய்வோம். மற்ற வாசகர்களைப் பற்றி அதற்குப் பிறகு கதைக்கலாம்.