விரிசல் விட்ட அலாய் வீலுக்கு வெல்டிங் வைக்கலாமா?



"சார், கார் அலாய் வீலில் விரிசல் விழுந்துவிட்டது. ஆர்கான் வெல்டிங் வைத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். வைக்கலாமா?" என்று அறந்தாங்கியிலிருந்து ஒரு மாணவர் போனில் கேட்டார். பலருக்கும் உள்ள சந்தேகம் என்பதால் இங்கே எழுதுகிறேன். என் கருத்து: வேண்டாம்.

கார் அலாய் வீல் பெரும்பாலும் அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் சிறிது மெக்னீசியமும் கலந்த வார்ப்பு. வார்த்தபின் சுமார் 540 டிகிரியில் சூடேற்றி, தண்ணீரில் குளிரவைத்து, மறுபடி 150 டிகிரி அளவில் பக்குவப்படுத்துவார்கள். வீலின் உரம் அந்தப் பக்குவத்தில்தான் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் ஒட்டின் இருபுறமும் அது போய்விடும். ஒட்டு நிற்கும், பக்கத்தில் விட்டுப்போகும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு. டயரின் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி சுமார் 50 கிலோமீட்டர். ஒருமுறை போனாலே வீல் 25,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பலவீனமான அந்த இடம் ஒருமுறை இழுபடுகிறது.

வெல்டிங் தொழிலை நான் குறைத்துப் பேசவில்லை. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதில் பிழைக்கிறார்கள். திருச்சி பெல் நிறுவனத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கொதிகலன் குழாயைப் பற்றவைப்பவர் தேர்வில் தேறியவர். ஒட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். தேவையான இடத்தில் மறுபடி சூடேற்றிப் பக்குவம் செய்வார்கள். வீலுக்கு வெல்டிங் வைக்கும் ரோட்டோரப் பட்டறையில் இதற்கெல்லாம் வசதி ஏது?

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் வெல்டிங் வைத்த, வளைவு எடுத்த வீல்களை ஏற்பதில்லை. மேலோட்டமான கீறலைச் சரிசெய்து பூச்சு அடிப்பதோடு சரி.

"புது வீல் விலை கட்டுப்படியாகாது சார்" என்பீர்கள். நியாயம்தான். அதே அளவில் இரும்பு வீல் வாங்கிப் போடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். "ஸ்டெப்னியாக வைத்துக்கொள்கிறேன்" என்றும் சொல்லாதீர்கள். குடும்பத்தோடு போகும்போது நடுராத்திரியில் மாட்டப்போவது அந்த வீலைத்தான்.

பஞ்சர் இல்லாமலே ஒரு டயரில் மட்டும் அடிக்கடி காற்று இறங்கினால், வீலைக் கழற்றி உட்பக்கம் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி வந்தால் விரிசல் இருக்கலாம். காற்று குறைந்த டயரோடு பள்ளத்திலும் வேகத்தடையிலும் இறக்குவதுதான் வீலுக்குப் பெரிய எமன்.

கடைசியாக ஒன்று. விரிசல் விட்ட வீலைப் பழைய இரும்புக் கடையில் போடும்போது, உங்கள் கண் முன்னால் இரண்டாக வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒட்டி, பெயின்ட் அடித்து, வேறொருவர் காரில் ஏறிவிடும். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.

வெல்டிங் தொழிலில் இருக்கும் மாணவர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.